வால் தாண்டிருச்சா?

டெல்லி துவாரகாவில் அக்கா குடியிருக்கும் அடுக்குமாடிச் சொசைட்டி விமானங்களின் வழியில் இருக்கிறது. காற்று ஒரு பக்கமாக அடித்தால் தலைக்கு மேல் இறங்குகின்றன. மறுபக்கமாக அடித்தால் ஏறுகின்றன. அங்கே இருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. சத்தம் நெருங்கும்போது பேச்சைப் பாதியில் நிறுத்துவார்கள். அது போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். “சாம்பாருக்கு முருங்கை” என்று நிற்கும் அக்கா, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து அடங்கியதும் “காய் போடவா?” என்பாள். கீழே காய்கறி வண்டிக்காரர்கூட விலையை அப்படித்தான் சொல்வார். இதை யாரும் ஒரு விஷயமாக நினைப்பதில்லை.

மூன்று வருடம் நாடு நாடாகச் சுற்றிவிட்டு நான் அந்த வீட்டுக்கு வந்தது ஜனவரியில். இரண்டாம் நாள் சாப்பாட்டின்போதுதான் கவனித்தேன். அத்தான் பேச்சை நிறுத்தினார். விமானம் போனது. அவர் தொடரவில்லை. சோற்றைப் பிசைந்து சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்.

“அத்தான் ஏதோ சொல்ல வந்தாங்களே?” என்று அக்காவிடம் கேட்டேன்.

“இப்பல்லாம் அப்பிடித்தான்,” என்றாள் அக்கா. “வீடு பூரா அரை அரை பேச்சாக் கெடக்கு. நானும் பெருக்கித் தள்ளிக்கிட்டுதான் இருக்கேன்.”

அத்தானின் பெயர் நல்லசிவம். அம்பாசமுத்திரத்துக்காரர். பத்தொன்பது வயதில் விமானப் படையில் சேர்ந்தார். ஊரில் பாதிப் பேர் இன்னும் அவர் விமானம் ஓட்டியதாகத்தான் நம்புகிறார்கள். அவர் ஓட்டியது லாரி. எரிபொருள் வண்டி, தீயணைப்பு வண்டி, விமானத்தையே கட்டி இழுக்கும் டிராக்டர் என்று எதைக் கொடுத்தாலும் ஓட்டினார். ஜோத்பூர், தேஜ்பூர், சூலூர் என்று மாறி மாறிப் போய், கடைசியாக டெல்லியில் பாலம் விமானத்தளம். அங்கேயே ஓய்வு பெற்றார். மகள் ஷ்ரேயா அப்போது மூன்றாம் வகுப்பு. திரும்பிப் போகலாம் என்று வீட்டில் யாரும் பேச்செடுக்கவில்லை. பக்கத்திலேயே வேலை இருந்தது. விமான நிலையத்துத் தரையில் கோடு போடும் ஒப்பந்தக்காரரிடம் டிரைவர் வேலை.

கோடு போடுவது என்றால் என்ன என்று எனக்கும் அதுவரை தெரியாது. எத்தனையோ நாடுகளில் அந்தக் கோடுகளுக்கு மேல் ஜன்னலோரமாக உட்கார்ந்து போயிருக்கிறேன். ஒரு தடவைகூடக் கீழே பார்த்ததில்லை.

விமானம் ஓடி ஏறுகிற, இறங்குகிற பாதையில் எல்லாம் வெள்ளை. நடுவில் விட்டு விட்டுப் போகும் கோடு. இறங்கும் பக்கத்தில் வரிசையாக நீளமான வெள்ளைப் பட்டைகள். அதற்கு முன்னால் இறங்கக் கூடாது என்று எல்லை. பக்கத்தில் ஓர் எண். அது பாதையின் திசையைச் சொல்லும். திசைகாட்டியில் அந்தப் பாதை இருநூற்றுத் தொண்ணூறு பாகையைப் பார்த்துக் கிடந்தால் கடைசிச் சுழியத்தை விட்டுவிட்டு 29 என்று எழுதுவார்கள். அதே பாதையின் மறுமுனையில் 11 என்றிருக்கும். விமானங்கள் நிற்கும் இடத்திலிருந்து அந்தப் பாதைக்கு ஊர்ந்து போகிற வழிகளுக்கு டாக்ஸிவே என்று பெயர். அங்கே எல்லாம் மஞ்சள். நடுவில் விடாமல் போகும் ஒற்றைக் கோடு. விமானத்தின் முன்சக்கரம் அதன் மேலேயே போக வேண்டும். சிமெண்டுத் தரை வெளுப்பாக இருப்பதால் மஞ்சள் தெரியாமல் போகும் என்று ஓரத்தில் கருப்பும் பூசுவார்கள்.

மஞ்சள் வழி வெள்ளைப் பாதையில் சேரும் இடத்துக்கு முன்னால், வழியை மறித்துக் குறுக்காக நான்கு மஞ்சள் கோடுகள் இருக்கும். இரண்டு முழுக் கோடு, இரண்டு விட்டு விட்டுப் போகும் கோடு. வெளியிலிருந்து ஓடுபாதைக்கு வருகிறவர் முதலில் பார்ப்பது முழுக் கோட்டை. அங்கே நிற்க வேண்டும். கட்டுப்பாட்டு டவரிலிருந்து அனுமதி வராமல் சக்கரம் அதைத் தொடக் கூடாது. ஓடுபாதையிலிருந்து வெளியே வருகிறவர் முதலில் பார்ப்பது விட்டு விட்டுப் போகும் கோட்டை. அங்கே நிற்கக் கூடாது. நான்கையும் முழுசாகத் தாண்டிய பிறகுதான் ரேடியோவில் ‘வெகேட்டட்’ என்று சொல்ல வேண்டும். பாதையைக் காலி செய்துவிட்டேன் என்று அர்த்தம். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் டவர் அடுத்த விமானத்தை இறங்கச் சொல்லும்.

இதெல்லாம் அத்தானுக்குப் பாலம் காலத்திலிருந்தே பழக்கம். புதிதாக வந்தது பெயிண்ட் மட்டும்தான். பெயிண்ட் காய்வதற்குள் அதன்மேல் கண்ணாடி மணிகளைத் தூவுவார்கள். ரவை அளவுக்கு இருக்கும். வெளிச்சம் பட்டால் கோடு மின்னுவது அதனால்தான். அந்த மணிகள் அத்தானின் பாக்கெட்டில், காலுறையில், மடித்த சட்டைக் கையில் எல்லாம் வீட்டுக்கு வந்துவிடும். வாஷிங் மெஷினில் மணி, குளியலறையில் மணி. “வழுக்கி விழுந்து நான் போய்ச் சேர்ந்தா உங்க கம்பெனிதான் காரியம் பண்ணணும்” என்று அக்கா சொல்வாள். வெயில் சாய்ந்து வரும்போது வராந்தாத் தரை அங்கங்கே பளிச்சிடும்.

நான் வருவதற்கு முந்திய டிசம்பரில் ஒரு நாள். ஓடுபாதை ஒன்றைப் பகலில் சிறிது நேரம் மூடிக் கொடுத்திருந்தார்கள். டயர் ரப்பர் ஒட்டிக் கருத்துப் போன பட்டைகளைக் கழுவி, மேலே மறுபடி வெள்ளை பூசும் வேலை. அத்தான் ஓட்டியது ரேடியோ பொருத்திய பிக்கப். பின்னால் பெயிண்ட் மெஷின் ஏற்றிய ட்ரெய்லர். வேலை முடிந்தது. எல்லா வண்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாக வெளியேறின. அத்தானுக்கு முன்னால் புல் வெட்டும் டிராக்டர் போனது. குறுக்குக் கோடுகளைத் தாண்டியதும் அந்த டிராக்டர் எதற்கோ நின்றுவிட்டது. அத்தானும் அதன் பின்னால் நின்றார். பக்கக் கண்ணாடியில் பார்த்தார். தன் பின்சக்கரத்துக்குப் பின்னால் மஞ்சள் கோடு தெரிந்தது. ரேடியோவை எடுத்து ‘வெகேட்டட்’ என்றார்.

பிக்கப் தாண்டியிருந்தது. ட்ரெய்லர் தாண்டவில்லை. அது கோடுகளுக்கு அந்தப் பக்கம், ஓடுபாதையின் பக்கம் நின்றுகொண்டிருந்தது.

யாரோ பார்த்துச் சொன்னார்கள். இறங்கிக்கொண்டிருந்த விமானத்தை டவர் மறுபடி மேலே ஏறச் சொன்னது. அது அவர்கள் தலைக்கு மேல் சக்கரங்களை மடக்கிக்கொண்டே போனது. ஒரு சுற்றுச் சுற்றி வந்து இறங்கியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. செய்தித்தாளில் வரவில்லை. எனக்கும் ஒரு முறை வேறொரு நாட்டில் அப்படி ஆகியிருக்கிறது. இறங்கப்போன விமானம் திடீரென்று ஏறியது. பக்கத்து இருக்கைக்காரர் கடலை தின்பதைக்கூட நிறுத்தவில்லை.

அத்தானின் அனுமதி அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அது இல்லாமல் விமான நிலையத்துக்குள் வண்டி ஓட்ட முடியாது. வகுப்பில் உட்கார வேண்டும், எழுத்துத் தேர்வு எழுத வேண்டும், கடைசியில் அதிகாரியைப் பக்கத்தில் வைத்து ஓட்டிக் காட்ட வேண்டும். ஒப்பந்தக்காரரின் தள மேலாளர் ரமேஷ்குமார் தஞ்சாவூர்க்காரர். வீட்டுக்கே வந்து, காபி குடித்துவிட்டு, சுற்றி வளைக்காமல் சொன்னார்.

“ஹோலிக்குள்ள அட்டை வந்துட்டா வண்டி உங்களுதுதான் சார். வரலைன்னா நான் வேற டிரைவர் போட்டாகணும். டிரைவரா எடுத்த ஆளை வேற எதுல காட்டுறது, சொல்லுங்க.”

“சரி,” என்றார் அத்தான்.

வேலை போனால் ஊருக்குத்தான் போக வேண்டும். எங்கள் எல்லோருக்கும் அது தெரியும். ஷ்ரேயாவுக்கு இப்போது பதின்மூன்று வயது. தமிழ்ப் பலகையை எழுத்துக் கூட்டிக்கூடப் படிக்க வராது. “அம்பாசமுத்திரத்துல நான் எந்த கிளாஸ்ல உக்காரணும், எல்கேஜியா?” என்று கேட்டாள். அதற்கும் அத்தான் “சரி” என்றார். கேள்விக்கு அது பதில் இல்லை. ஆனால் அவர் அந்த நாட்களில் எல்லாவற்றுக்கும் அதையேதான் சொன்னார்.

அழவில்லை, கோபப்படவில்லை, குடிக்கவும் இல்லை. காலையில் அதே நேரத்தில் எழுந்து, ஷேவ் செய்து, கம்பெனி ஷெட்டுக்குப் போய், கட்டியாகிப்போன கண்ணாடி மணிகளைச் சல்லடையில் சலித்துவிட்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆர்.கே.புரத்தில் மலை மந்திர் முருகன் கோயிலுக்குக் கூட்டிப் போனோம். படி ஏறினார், விபூதி பூசினார், படி இறங்கினார். “என்ன வேண்டிக்கிட்டீங்க?” என்று அக்கா கேட்டாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, “மறந்துட்டேன்” என்றார்.

ஒரு தடவை மட்டும் நான் நேராகக் கேட்டேன். “அத்தான், அன்னிக்கு என்ன ஆச்சு?”

“ஒண்ணும் ஆகலையே,” என்றார். பிறகு, “இருபது வருசம் இழுத்திருக்கேன். பின்னால கட்டியிருக்குன்னு தெரியும். தெரிஞ்சுதான் இருந்தது” என்றார். அவ்வளவுதான். மேலே விமானம்கூட இல்லை.

எழுத்துத் தேர்வில் அவருக்குச் சிக்கலே இல்லை. தீனாவும் உடன் எழுதினான். தீனா அதே கம்பெனியில் பெயிண்டர். பெற்றோர் சின்னசேலம் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்கள். அவன் டெல்லியிலேயே பிறந்தவன். இப்போது இரண்டு குழந்தைகளுக்கு அப்பா. டிரைவராகிவிட வேண்டும் என்பது அவன் ஆசை. தேர்வு முடிந்த அன்று அத்தானை வீட்டில் கொண்டுவந்து விட்டவன் அக்காவிடம் சொன்னான்.

“அக்கா, அண்ணன் ஃபுல் மார்க். நான் பார்டர்ல பாஸ். மஞ்சளா வெள்ளையான்னு கேட்டா வெள்ளைன்னு எழுதிட்டு வந்திருக்கேன். நானே பூசினதுதான்!”

“ஒன்னய நம்பி ப்ளேன் எறங்குது பாரு,” என்றாள் அக்கா.

“என்னை நம்பி யாரும் இறங்கல அக்கா. மொதல்ல பைலட்டுக்கு நான் இருக்கிறதே தெரியாது.”

மிச்சம் இருந்தது ஓட்டிக் காட்டும் தேர்வுதான். ஓட்டுவதில் என்ன இருக்கிறது என்று எல்லோரும் நினைத்தோம். அக்கா மட்டும் நினைக்கவில்லை. ஒரு மத்தியானம் சொசைட்டியின் அடித்தளப் பார்க்கிங் காலியாக இருந்தபோது ஷ்ரேயாவையும் என்னையும் சாக்பீஸ் கொடுத்து அனுப்பினாள். குறுக்காக இரண்டு விடாத கோடு, இரண்டு விட்டு விட்டுக் கோடு. ஷ்ரேயா ஸ்கேல் வைத்துப் போட்டாள். அத்தானை வீட்டுக் காரில் உட்கார வைத்தோம். அக்கா கோடுகளுக்கு அந்தப் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மொபைலைக் காதில் வைத்துக்கொண்டாள். அவள்தான் டவர். அத்தானின் மொபைல் காருக்குள் ஸ்பீக்கரில் இருந்தது.

“பாதைய விட்டு வெளிய வரலாம்,” என்றாள் டவர்.

அத்தான் காரை மெல்ல நகர்த்தினார். விட்டு விட்டுப் போகும் கோடு, பிறகு முழுக் கோடு, எல்லாவற்றையும் தாண்டி அக்காவின் நாற்காலிக்கு அருகில் வந்து நிறுத்தினார்.

“தாண்டியாச்சா?”

அத்தான் பக்கக் கண்ணாடியைப் பார்த்தார்.

“ஏங்க, தாண்டியாச்சான்னு டவர் கேக்குது.”

அத்தான் கார்க் கதவைத் திறந்து இறங்கினார். பின்னால் நடந்து போனார். டிக்கிக்குக் கீழே, பம்பருக்குக் கீழே குனிந்து பார்த்தார். அங்கே காலித் தரையும் சாக்பீஸ் கோடும்தான் இருந்தன. திரும்பி வந்து உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு, “வெகேட்டட்” என்றார்.

“பின்னால என்னத்தப் பாக்கிய? எங்கம்மா கட்டிலோட உக்காந்திருக்காளா?” என்றாள் அக்கா.

ஷ்ரேயா சிரித்தாள். நானும் சிரித்தேன். மறுபடி ஓட்டச் சொன்னோம். மறுபடியும் இறங்கிப் பார்த்தார். மூன்றாவது முறை நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. ஷ்ரேயா கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “அப்பா, ப்ளீஸ். பின்னாடி குச் நஹீ ஹை, ஒண்ணுமே இல்ல. நான் பாத்துட்டேன். நீங்க சும்மா சொல்லுங்க.”

அத்தான் மைக்கைப் பிடிப்பதுபோல மொபைலைக் கையில் எடுத்தார். வாயைத் திறந்தார். மொபைலை வைத்துவிட்டு, ஷ்ரேயாவின் கையைக் கதவிலிருந்து மெதுவாக எடுத்துவிட்டு, இறங்கிப் போய்ப் பார்த்தார்.

அப்போது சொசைட்டி செயலாளர் வந்துவிட்டார். பார்க்கிங்கில் படம் வரைவதற்கு யார் அனுமதி கொடுத்தது என்று இந்தியில் கேட்டார். அக்கா நாற்காலியை மடக்கிக்கொண்டே, “டவர்தான்” என்று தமிழில் சொல்லிவிட்டு நடந்தாள்.

தேர்வு ஹோலிக்கு முந்தைய வாரம் வந்தது. அதிகாரி பெயர் ஸ்வப்னா, ஹைதராபாத்காரர். நல்ல மாதிரி என்று எல்லோரும் சொன்னார்கள். அன்று நடந்ததை அத்தான் சாப்பாட்டு மேசையில் எங்களுக்குச் சொன்னார். யாரோ ஒருவருக்கு நடந்ததைப் போலச் சொன்னார்.

பராமரிப்புக்கு மூடியிருந்த பகுதியில்தான் ஓட்ட வைத்தார்கள். ட்ரெய்லர் கட்டவில்லை. வெறும் ஜீப். மஞ்சள் கோட்டின் மேலேயே ஓட்டினார். முழுக் கோட்டுக்கு முன்னால் நின்றார். அனுமதி கேட்டார், கிடைத்ததைத் திருப்பிச் சொன்னார், உள்ளே போனார், திரும்பினார், வெளியே வந்தார். நான்கு கோடுகளையும் தாண்டி நன்றாகத் தள்ளி நிறுத்தினார்.

“ரிப்போர்ட் கீஜியே,” என்று டவரிடம் சொல்லச் சொன்னார் ஸ்வப்னா மேடம்.

அத்தான் ஹேண்ட் பிரேக் போட்டார். இறங்கினார்.

டாக்ஸிவேயில் அனுமதி இல்லாமல் வண்டியை விட்டு இறங்கக் கூடாது. முதல் நாள் வகுப்பில் முதல் மணி நேரத்தில் சொல்லித் தருவது அதைத்தான். எழுத்துத் தேர்விலும் அந்தக் கேள்வி இருந்தது. அத்தான் சரியாகத்தான் எழுதியிருந்தார். இறங்கிப் பின்னால் போனார், பார்த்தார், வந்து உட்கார்ந்தார். ‘வெகேட்டட்’ என்றார்.

மேடம் கையிலிருந்த பேனாவை மூடினாராம். பிறகு, “என்ன பார்த்தீங்க?” என்று கேட்டாராம்.

“ட்ரெய்லர்.”

“ட்ரெய்லர் இல்லையே, நல்லசிவம்ஜி.”

“தெரியும் மேடம்.”

“மறுபடி ஒரு முறை ஓட்டச் சொன்னா?”

“மறுபடியும் இறங்குவேன் மேடம்.”

அத்தான் இதைச் சொல்லி முடித்துவிட்டு மோர் ஊற்றிக்கொண்டார். அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். “இறங்க மாட்டேன்னு சொல்லியிருக்கலாம்லா?” என்றாள். குரலில் கேலி இல்லை.

“ரேடியோவுல ஒருக்கப் பொய் சொல்லியாச்சு,” என்றார் அத்தான். உடனே, “ஊறுகா இருக்கா?” என்றார்.

அட்டை வரவில்லை. தீனாவுக்கு வந்தது. ரமேஷ்குமார் அவனைக் கூப்பிட்டு நாளை முதல் பிக்கப்பை எடுத்துக்கொள் என்றார். அக்கா அன்றிரவே பரணிலிருந்து பெரிய பெட்டிகளை இறக்கினாள். என் பெட்டி இன்னும் பிரிக்கப்படாமல் ஹாலில் கிடந்தது. அதைக் காலால் தள்ளி இடம் செய்தாள். “நீ ஒருத்திதான் ரெடியா இருக்கே,” என்றாள். நான் மொபைலில் அப்போதும் வேறு ஏதோ ஊருக்கு டிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது அவளுக்குத் தெரியும்.

மறுநாள் சாயங்காலம் தீனா வந்தான். கையில் பாட்டா செருப்புக் கடைப் பை மாதிரி எதுவோ. உள்ளே அவன் மனைவி கொடுத்தனுப்பிய குஜியா, சோமாசி மாதிரி ஹோலிப் பலகாரம்.

“அண்ணே, நாளைக்கு சீக்கிரம் வந்துருங்க. ட்ரெய்லர் கட்டுறோம்.”

“நான் எதுக்கு?”

“ரமேஷ் சார்கிட்ட சொல்லிட்டேன். ட்ரெய்லர் கட்டினா அண்ணன் பின் சீட்ல இருக்கணும். இல்லன்னா எனக்கு வண்டி வேணாம், நான் என் பிரஷ்ஷைப் பிடிச்சுக்கிறேன்னு.”

“அவர் என்ன சொன்னார்?” என்றாள் அக்கா.

“கெட்ட வார்த்தை சொன்னார். அப்புறம் அண்ணனை பெயிண்டர்ல எழுதிக்கிறேன்னார்.” தீனா அத்தானைப் பார்க்காமல் குஜியாப் பையைப் பிரித்தான். “எனக்கு பயமா இருக்கு அண்ணே. அன்னிக்கு அந்தப் ப்ளேன் போச்சே, நான் ட்ரெய்லர் பக்கத்துலதான் நின்னேன். அடில இருக்கிற ஆணியெல்லாம் தெரிஞ்சுது. எனக்கு பின்னாடி பாக்க ஒரு ஆள் வேணும். உங்களை மாதிரி பாக்குற ஆள் எவனும் இல்ல.”

“சரி,” என்றார் அத்தான்.

இப்போது இப்படித்தான் நடக்கிறது. தீனா ஓட்டுகிறான். அத்தான் பின் இருக்கையில் திரும்பி, பின்கண்ணாடியைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். ஓடுபாதையிலிருந்து வெளியே வரும்போது கோடுகள் முதலில் வண்டிக்குக் கீழே போகின்றன, பிறகு ட்ரெய்லருக்குக் கீழே. கடைசியில் ட்ரெய்லருக்குப் பின்னால் நான்கும் வெளியே வருகின்றன. தீனா ரேடியோவைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்கிறான்: “அண்ணே, வால் தாண்டிருச்சா?” அத்தான் பார்க்கிறார். “தாண்டிருச்சு” என்கிறார். அதன் பிறகுதான் தீனா டவரிடம் அந்தச் சொல்லைச் சொல்கிறான். அந்தக் கம்பெனியில் முன்பு இந்த வழக்கம் இல்லை. மற்ற பெயிண்டர்கள் சிரிக்கிறார்கள். டீக்கடையில் யாராவது வழிவிடாமல் நின்றால் “அண்ணே, வால் தாண்டலை” என்கிறார்கள். அத்தானுக்கு அது கேட்கிறதா என்று தெரியவில்லை.

பெட்டிகளை அக்கா இன்னும் மேலே ஏற்றவில்லை. அவற்றின்மேல் துணி மடித்து வைக்கிறாள்.

நேற்று சாயங்காலம் அத்தான் வந்து ஷூவைக் கழற்றினார். காலுறையை உதறினார், கண்ணாடி மணிகள் தரையில் உருண்டன. சமையலறைப் பக்கம் திரும்பி, “தங்கம், பால்” என்றார். அப்போது விமானம் ஒன்று வந்தது. பெரியது. ஜன்னல் அதிர்ந்தது. அக்கா கரண்டியோடு நின்றாள். நானும் மொபைலிலிருந்து தலையைத் தூக்கினேன். சத்தம் தேய்ந்து தேய்ந்து போனது.

“வாங்கணுமா?” என்றார் அத்தான்.

அக்கா என்னைப் பார்த்தாள். பால் ஃப்ரிட்ஜில் இருந்தது. காலையில் நான்தான் வாங்கி வைத்திருந்தேன்.

“ஆமா,” என்றாள். “ஒரு பாக்கெட்.”

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.